எட்டாவது கிளையின் கோல்கீப்பர்

விசில் அக்காவுக்குப் பயமே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் அவளை மைதானத்தில் மட்டும் பார்த்தவர்கள். கழுத்தில் விசில், சட்டைப்பையில் பச்சை மஞ்சள் சிவப்பு அட்டைகள், ஆறடி ஆள் ஹாக்கி மட்டையை ஓங்கிக்கொண்டு வந்தாலும் குறுக்கே போய் நின்று, "என்னப்பா, வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்கிற பெண்பிள்ளையை வேறு எப்படி நினைப்பார்கள்?

வீட்டில் பார்த்தவர் ஒருவர்தான், அவள் புருஷன். பேருந்து ஓட்டுநர். வாசலில் தபால்காரர் மணியடித்தால் இவள் முகம் வெளிறிவிடும். "கூட்டமைப்புலேருந்து வந்திருக்குமோ? எந்தக் கிளையாவது கவுத்துடுச்சோ?" என்று கையைப் பிசைவாள். பிரித்துப் பார்த்தால் மின்சார வாரியத்திலிருந்து வந்த அறிவிப்பாக இருக்கும். "நான் கட்டிக்கிட்டது உன்னையா, உன் சங்கத்தையா?" என்பார் அவர். "ரெண்டையும் சேத்துத்தான். ஒண்ணு மட்டும் தனியா கிடைக்காது" என்பாள் அவள், நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும்போதே.

மாநில அமெச்சூர் ஹாக்கி சங்கத்தின் செயலாளர் என்றால் ஏதோ பெரிய நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியே கிடையாது. அவள் வேலை பார்ப்பது குடிநீர் வாரியத்தில், புகார் வாங்கும் ஜன்னலில். தண்ணீர் வராத ஊர்க்காரர்கள் எல்லாம் எட்டு மணி நேரம் அவளைத் திட்டிவிட்டுப் போன பிறகு, மாலை ஆறு மணிக்கு அவள் வீட்டு முன்னறையில் சங்கம் தொடங்கும். கட்டிலுக்கு அடியில் பந்துகள். அலமாரியில் சேலைகளுக்குப் பக்கத்தில் பதிவுப் படிவங்கள். குளியலறைக் கொடியில் யாருடையதென்றே தெரியாத ஒரு ஜோடி முழங்கால் உறை வருடக்கணக்காகக் காய்ந்துகொண்டிருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பொறுப்பேற்றபோது இருந்தது இரண்டே கிளை. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அவள் வாரக் கடைசி ஒவ்வொன்றிலும் பேருந்து ஏறி, ஒவ்வொரு மாவட்டமாகப் போய், பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர்களைப் பிடித்து, கெஞ்சி, அதட்டி, சில இடத்தில் அழுதும்கூட, எட்டு கிளை ஆக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, மலை மாவட்டத்துக் கிளையைத் தொடங்க மட்டும் ஏழு முறை மலை ஏறினாள். ஏழு முறையும் வழியில் வாந்தி எடுத்தாள்.

எட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. தேசியக் கூட்டமைப்பு இந்தச் சங்கத்துக்குத் தற்காலிக அங்கீகாரம்தான் கொடுத்திருந்தது. எட்டு கிளைகளும் மூன்று வருடம் தொடர்ந்து மாநிலப் போட்டியில் முழு அணியோடு ஆட வேண்டும். ஒரு அணி குறைந்தாலும் அங்கீகாரம் போய்விடும். போனால் இந்த மாநிலத்துப் பெண்கள் யாரும் தேசியப் போட்டியில் காலெடுத்து வைக்க முடியாது. இரண்டு வருடம் தாண்டியாகிவிட்டது. இது மூன்றாவது வருடம். அதைச் சரிபார்க்கத்தான் கூட்டமைப்பிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து இறங்கியிருந்தார். ஒல்லியான மனிதர். அதிகம் பேசமாட்டார். பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடமாட்டார். எல்லா அணிகளின் பதிவு, மருத்துவப் படிவங்களையும் வாங்கித் தன் பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

போட்டியின் முதல் நாள் காலை, மலைக் கிளையின் முதல் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, அந்த அணியை அழைத்து வந்த டிரில் மாஸ்டர் அக்காவைத் தேடிக்கொண்டு ஓடி வந்தார். பேயறைந்த முகம்.

"அக்கா, கோல்கீப்பர் வரல."

"வரலன்னா? பஸ்ஸ விட்டுட்டாளா?"

"பரீட்சைத் தேதிய மாத்திட்டாங்களாம். அவங்கப்பா அனுப்பமாட்டேன்னுட்டாரு. அவ உபகரணப் பெட்டி வந்திருக்கு, ஆளுதான் வரல."

பதிவான கோல்கீப்பர் இல்லாத அணியை அணியாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்பது விதி. வேறொரு ஆட்டக்காரியை நிறுத்தவும் முடியாது. எட்டு என்பது ஏழாகிவிடும். ஏழு என்றால் பூஜ்யம்தான்.

"இத நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" என்று கத்தினாள். கத்தி என்ன செய்ய? பார்வையாளர் அந்தப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்த்ததும் அக்கா சிரித்துவைத்தாள்.

உபகரணப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். துறைமுகக் கிளையின் மாற்று கோல்கீப்பர். பதினேழு வயது, வயதுக்கு மீறிய உயரம், எல்லோரும் 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அணிக்கு மாலையில்தான் ஆட்டம். அதிலும் இவளை இறக்கமாட்டார்கள். மூத்தவள் ஒருத்தி இருந்தாள். நெட்டை எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சுளையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, நான் நிக்கறேன்கா!"

"நீ வேற சும்மா இரு."

"நெசமாத்தான்கா. ஹெல்மெட்ட மாட்டிட்டா எங்கம்மாவுக்கே என்னை அடையாளம் தெரியாது. ஒரே ஒரு மேட்ச்தானே. சாயங்காலம் வரைக்கும் இங்க ஈ ஓட்டறதுக்கு, நாலு பந்தத் தடுத்துட்டுப் போறேன்."

பதினோரு பேரில் முகம் தெரியாமல் ஆடக்கூடிய ஒரே ஆள் கோல்கீப்பர்தான். வேறு எந்த இடத்துக்கு ஆள் குறைந்திருந்தாலும் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. அக்கா 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருடம் கண்முன்னால் வந்து நின்றது. வாய் வேறு சொன்னது.

"யாராவது பேர் கேட்டா?"

நெட்டை பெட்டிமேல் எழுதியிருந்த, வராத மலைப்பெண்ணின் பெயரைச் சொன்னாள். அப்பா பெயர், பள்ளிக்கூடம், பிறந்த தேதி எல்லாவற்றையும் டிரில் மாஸ்டர் சொல்லிக் கொடுக்க, ஐந்து நிமிடத்தில் தலைகீழாக ஒப்பித்தாள். அவளுக்கு இதெல்லாம் ஒரே சிரிப்பு. "அக்கா, எனக்கு இன்னைக்கு ரெண்டு அப்பா" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன ஆனாலும், யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும். மாத்திச் சொல்லிடாதடி, நான் செத்தேன்" என்றாள்.

ஆட்டத்துக்கு முன் பார்வையாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் வாசித்தார். கோல்கீப்பர் முறை வந்தது. நெட்டை கையுறையைத் தூக்கினாள். அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை. ஹெல்மெட்டின் கம்பிவலைக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஹெல்மெட் ஆடுதே" என்றார் அவர். "பட்டையச் சரியா இறுக்கச் சொல்லுங்க, மேடம்."

"இதோ சார்."

அது மலைப்பெண்ணின் ஹெல்மெட். அவளுக்குக் கொஞ்சம் பெரிய தலை, நெட்டைக்குச் சின்ன முகம். பட்டையை எவ்வளவு இழுத்தும் தாடைக்கடியில் ஒரு விரல் இடைவெளி நின்றது. வேறு ஹெல்மெட் தேடலாம். தேடினால் இதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் முகம் தெரியும். அக்கா ஒரு ஷூ லேஸை எடுத்துப் பட்டையோடு சேர்த்துக் கட்டினாள். கட்டும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியதை நெட்டை பார்த்துவிட்டாள். "பயப்படாதீங்கக்கா" என்று உள்ளேயிருந்து கிசுகிசுத்தாள்.

முதல் பாதி முழுவதும் அக்கா பார்வையாளருக்குப் பக்கத்து நாற்காலியில் முள்மேல் உட்கார்ந்திருந்தாள். பந்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நெட்டை அருமையாக ஆடினாள், அதுவே பெரிய தொல்லையாகப் போயிற்று. "இந்தப் பொண்ணு நல்லா வருவா. யாரு இவ?" என்று பார்வையாளர் கேட்டார். அக்கா மலைப்பெண்ணின் பெயரைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். பாவிப் பெண்ணே, நாலு கோல் விட்டுத் தொலைக்கக்கூடாதா என்று மனதுக்குள் அவளைத் திட்டினாள்.

மூன்றாவது கால்பகுதியில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. முதல் அடியை நெட்டை காலால் தடுத்தாள். பந்து தெறித்து முன்னால் விழுந்தது. அவள் அதன்மேல் பாய்ந்தாள். ஓடிவந்த ஒருத்தி தடுமாறி அவள்மேல் விழுந்தாள். ஹெல்மெட் கழன்று தனியாக உருண்டது. பின்னாலேயே இன்னொருத்தி வீசிய மட்டை, வெறும் நெற்றியில் பட்டது. அந்தச் சத்தம் நாற்காலி வரைக்கும் கேட்டது.

அக்கா எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. நெட்டையின் முகம் முழுக்க ரத்தம். ஷூ லேஸ் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் கட்டினேன், ஏன் கட்டினேன் என்று அக்காவின் வாய் தானாக முணுமுணுத்தது. பக்கத்தில் வந்து குனிந்த பார்வையாளருக்கு அது விளங்கவில்லை.

வேனில் பத்து நிமிடத்தில் மருத்துவமனை. பார்வையாளரும் கூடவே வந்தார். மருத்துவப் படிவங்கள் அவரிடம்தானே இருந்தன. அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். காயத்தை விலக்கிப் பார்த்தார்.

"எலும்பு தெரியுது. ஸ்கேன் எடுக்கணும், தையல் போடணும். அதுக்கு முன்னாடி கிருமி ஏறாம இருக்க ஊசி போட்டுடுவோம். மருந்து ஏதாவது ஒத்துக்காம இருக்கா?"

பார்வையாளர் பையைத் திறந்து மலைப்பெண்ணின் படிவத்தை எடுத்தார். ரத்தம் மூடிய முகத்தைப் படிவத்துப் படத்தோடு ஒப்பிட அவருக்குத் தோன்றவில்லை. "எதுவும் இல்லைன்னு அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு."

"நல்லதாப் போச்சு. சிஸ்டர், பெனிசிலின் எடுங்க. டெஸ்ட் டோஸ் போட்டுப் பாத்துடலாம்."

அக்காவின் தலைக்குள் சிவப்பு மையில் ஒரு வரி எழுந்து நின்றது. அறுநூறு படிவம் வந்தாலும் ஒவ்வொன்றையும் வரி விடாமல் படிக்கிறவள் அவள். நெட்டையின் படிவத்தில், அவள் அம்மா சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். எழுதியது போதாதென்று மில் வேலை முடிந்து நேரில் வந்தும் சொன்னாள். "அக்கா, இவளுக்குப் பெனிசிலின் ஆகவே ஆகாது. ஒம்பது வயசுல டெஸ்ட் ஊசிக்கே தொண்டை அடைச்சு நீலமா போயிட்டா. எங்க போனாலும் இத மட்டும் சொல்லிடுங்க. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்." அந்தப் படிவம் இப்போது அதே பைக்குள், துறைமுகக் கிளை என்று எழுதிய உறையில், பார்வையாளரின் முழங்கைக்குக் கீழே இருந்தது.

"டாக்டர்" என்றாள் அக்கா. குரல் கீச்சென்று வந்தது. "இவளுக்கு அது ஒத்துக்காதுன்னு... கேள்விப்பட்ட மாதிரி ஞாபகம். வேற ஏதாவது போட்டா என்ன?"

ஆமாம், அப்போதும் அவள் முழுசாகச் சொல்லவில்லை. இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தாள். அவளைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

"கேள்விப்பட்டீங்களா? நீங்க அம்மாவா?"

"இல்ல, சங்கத்துச் செயலாளர்."

டாக்டர் படிவத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு நெட்டையின் பக்கம் குனிந்தார். அவள் கண்ணைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "இங்க பாரும்மா. உன் பேரென்ன?"

நெட்டையின் உதடு அசைந்தது. மலைப்பெண்ணின் பெயரைச் சொன்னாள்.

"நினைவு தெளிவா இருக்கு. எந்த ஸ்கூல்?"

மலைப் பள்ளிக்கூடத்தின் பெயர் வந்தது.

"மருந்து, ஊசி ஏதாவது உனக்கு ஒத்துக்காதா?"

நெட்டை கண்ணைச் சுழற்றி அக்காவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். சின்னதாக ஒரு நம்பிக்கை கொடுப்பதுபோல் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

சிஸ்டர் ஊசியோடு வந்து நெட்டையின் கையைத் திருப்பினாள். அக்கா பாய்ந்து அந்தக் கையின்மேல் தன் இரண்டு கையையும் வைத்து மூடினாள்.

"போடாதீங்க! அந்தப் படிவம் இவளோடது இல்ல! இவ அந்தப் பொண்ணே இல்ல!"

"என்னம்மா சொல்றீங்க? அவளே பேர் சொன்னாளே!"

"நான் சொல்லிக் குடுத்தேன். காலைல நான்தான் சொல்லிக் குடுத்தேன். சார், துறைமுகக் கவரப் பிரிங்க, கடைசிப் படிவம், சிவப்பு மை. சீக்கிரம் பிரிங்க சார், உங்க கால்ல விழறேன்."

பார்வையாளர் உறையைக் கிழித்தார். படிவத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் படித்து முடித்ததும் சிஸ்டரின் கையிலிருந்து ஊசியைத் தானே வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இது உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

நெட்டை மட்டும் மறுபடி, மறுபடி, அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் காதருகே குனிந்தாள். "போதும்டா கண்ணு. எல்லாரும் போயிட்டாங்க. உன் பேரச் சொல்லு." நெட்டை அழுதுகொண்டே தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

வேறு மருந்து கொடுத்தார்கள். ஸ்கேனில் நெற்றி எலும்பில் மெல்லிய கீறல், உள்ளே ஒன்றுமில்லை என்று வந்தது. பதினாலு தையல். பிழைத்தாள். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளே மில் அலுவலகத்துக்குப் போன் செய்து அம்மாவை வரச் சொன்னாள். போனை வைத்ததும், அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வேறொரு பயம் வந்து ஏறிக்கொண்டது.

பார்வையாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

"நான் எழுதித்தான் ஆகணும், மேடம். ஆள்மாறாட்டம். அங்கீகாரம் இருக்காது. இந்த வருஷம் உங்க மாநிலத்துக்கு நேஷனல்ஸ் இல்ல. உங்களுக்கு ஆயுள் தடை."

"எழுதுங்க சார்."

"ஆடின பொண்ணுக்கு அஞ்சு வருஷம்."

அக்கா நிமிர்ந்தாள். பதினேழும் ஐந்தும் இருபத்திரண்டு. முதல் பாதியில் அவள் தடுத்த ஆறு பந்தும் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. "அவளுக்கு எதுக்கு சார்? குழந்த சார் அது!"

"விதி. தெரிஞ்சே, விருப்பப்பட்டு அடுத்தவங்க பேர்ல ஆடினா அஞ்சு வருஷம். நிர்பந்தப்படுத்தி ஆட வெச்சிருந்தா மட்டும்தான் ஆடினவங்க மேல நடவடிக்கை இல்ல." அவர் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விருப்பப்பட்டுத்தானே ஆடினா?"

ஆரஞ்சுச் சுளையோடு எழுந்து நின்று 'நான் நிக்கறேன்கா' என்றவளை அக்கா நினைத்தாள்.

"இல்ல சார். மிரட்டினேன்."

"மிரட்டினீங்களா?"

"மாட்டேன்னு அழுதா. ஆடலன்னா இந்த ஜென்மத்துல ஸ்டேட் டீம்ல உன் பேரு வராதுன்னு சொன்னேன். பயந்துபோய் ஒத்துக்கிட்டா."

ஆட்டத்துக்கு முன் நெட்டை ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டு வந்ததை அவரும் பார்த்தவர்தான். ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார். அக்கா போட்டாள். கோணலாக வந்தது.

ஒரு மணி நேரத்தில் நெட்டையின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். மில் சீருடை, தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூள். வார்டுக்குள் போய் மகளைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். வாசலிலேயே டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, அடுத்தவள் பெயர், அடுத்தவள் படிவம், எல்லாம். அம்மா நேரே பெஞ்சுக்கு வந்தாள்.

"ஏன்கா? இவ ஏன் இன்னொருத்தி பேரச் சொன்னா? நான் அவ்ளோ சொல்லியிருக்கேனே உங்ககிட்ட?"

அம்மா பார்வையாளரின் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கீங்க அதுல? படிங்க சார்."

அவர் படித்தார். மிரட்டல் வரியில் குரல் தணிந்தது, ஆனாலும் படித்தார். அம்மா முழுக்கக் கேட்டாள். அக்காவின் பக்கம் திரும்பினாள். 'நீங்க' போய்விட்டது.

"என் பொண்ண அழ வெச்சியா? அவ்ளோ நம்பினேனேடி உன்னை. மிரட்டினியா?"

வார்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அக்காவுக்கு அந்த நாள் முழுக்க வராத பயம் அப்போதுதான் வந்தது. அந்தப் பெண்ணின் காதில் விழும், அவள் வாயைத் திறந்துவிடுவாள் என்ற பயம். அவசரமாக, சத்தமாகச் சொன்னாள்.

"ஆமா. மிரட்டினேன்."

அடி கன்னத்தில் விழுந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து நெட்டையின் குரல் கேட்டது. பலவீனமான குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது. "இல்லம்மா, அக்கா ஒண்ணும்... நானாத்தான்மா..."

பார்வையாளர் எழுந்து போய் வார்டுக் கதவைச் சாத்தினார்.